ஹம்ப் மேல் பிரேக் மிதிக்காதீர்கள்

பெங்களூரு அல்சூர், ஜீவன்பீமா நகர் பக்கம் கார் ஓட்டப் பழக்குகிறேன். ஹம்ப்பில், அதாவது சாலை வேகத்தடையில், மெதுவாகப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் கவனிக்க வேண்டியவைதான் இவை.

பிரேக்கோடு ஏறுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஹம்ப்பைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைக்கிறார்கள், சரி. முன்சக்கரம் ஏறி இறங்கும்வரை அந்தக் காலை எடுப்பதே இல்லை. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து மூக்கு தாழும், முன் ஸ்பிரிங் அமுங்கிவிடும். அப்போது ஹம்ப் இடித்தால் மேற்கொண்டு அமுங்க இடம் குறைவு. அடி ஷாக் அப்சார்பருக்கும், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்கும் போகும். வண்டியின் அடிப்பாகமும் தரைக்கு நெருங்கியிருக்கும்.

என்னிடம் பழகிய பையன் ஒருவன் ஐந்து பேரோடு செடானில் போய், தெருக்காரர்களே போட்ட செங்குத்தான ஹம்ப்பில் இப்படித்தான் ஏறினான். 'டங்' என்று சேம்பரில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், அடி. யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தும், வீடு பக்கம்தானே என்று ஓட்டியிருக்கிறான். ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது, சீஸ். மறுநாள் போய்ப் பார்த்தேன்: ஹம்ப்பில் புதுக் கீறல், அங்கிருந்து தெருமுனைவரை சொட்டுச் சொட்டாக ஆயில். விளக்கு எரிந்ததும் இன்ஜினை அணைத்திருந்தால் சேம்பர் செலவோடு தப்பியிருக்கலாம்.

பிரேக் வேலையை ஹம்ப்புக்கு முன்பே முடியுங்கள். இரண்டாம் கியர் போதும். செங்குத்தாக இருந்தால் முதல் கியர். சக்கரம் தொடும்போது காலைத் தளர்த்திவிடுங்கள். ஆள் நிறைய இருந்தால் வண்டி ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், இன்னும் மெதுவாக.

எல்லா ஹம்ப்பும் ஒன்றல்ல

சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி போட்ட ஹம்ப், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். குறுகலாக, செங்குத்தாகப் போட்டதில் அதே வேகம் ஆகாது. பெயின்ட் அழிந்தது இரவில் தெரியவும் தெரியாது.

ஸ்கூட்டரைப் பைக் போல ஓட்டுவது

ஸ்கூட்டருக்குச் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம், பைக்குக்குப் பெரும்பாலும் 17, 18. சின்னச் சக்கரம் அதே மேட்டில் வெடுக்கென்று ஏறும். முன்பிரேக்கை விட்டு, ஹாண்டிலை நேராகப் பிடியுங்கள்.

ஓரத்து இடைவெளியில் நுழைவது

வேண்டாம். ஹம்ப்பின் ஓரத்தில் சரளை, உடைந்த வடிகால் மூடி இருக்கும்.

பின்னால் வரும் பஸ்ஸை மறப்பது

பஸ்ஸின் உடல் பின்சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும், கடைசி சீட்டில் இருப்பவரைத்தான் ஹம்ப் தூக்கிப்போடும். அதனால் நல்ல டிரைவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். நீங்கள் கடைசி நொடியில் பிரேக் அடித்தால் அவரும் அடித்தாக வேண்டும். முன்கூட்டியே லேசாகப் பிரேக்கைத் தொட்டு, விளக்கைக் காட்டிவிடுங்கள்.