தொட்டால் சுடும் ஒருத்திக்குக் காதல் கதை எழுதுவது எப்படி

பதின்ம வயதினருக்கு அமானுஷ்யக் காதல் கதை எழுத உட்காரும்போது காதலர்களின் பெயர், கண், கூந்தல் எதையும் முதலில் யோசிக்காதீர்கள். சக்தியின் விதியை எழுதுங்கள். எது அதைக் கிளப்புகிறது, எவ்வளவு தூரம் போகும், எதனால் அடங்கும், அடங்கிய பிறகு உடம்பு என்ன பாடுபடும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். நான் அந்தத் தாளைக் கதை முடியும்வரை மேசையில் கண்ணில் படும்படி வைத்திருப்பேன். அதை மீறும் காட்சி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் வெட்டிவிடுவேன்.

யாழினிக்கு வயது 16 என்று வைத்துக்கொள்வோம். பயம் வந்தால் அவள் உள்ளங்கை கொதிக்கும். சரி, எவ்வளவு சூடு? நம் தோல் 44 டிகிரி செல்சியஸை மணிக்கணக்கில் தாங்கும், அதன் பிறகுதான் புண்ணாகும். 60 டிகிரி என்றால் சுமார் 5 விநாடியில் ஆழமான தீக்காயம். 70 டிகிரிக்கு ஒரு விநாடியே அதிகம். இந்தக் கணக்கு தெரிந்ததும் காதல் காட்சி தானாக எழுந்து வரும். அவன் கையைப் பிடித்தபடி அவள் மனதுக்குள் எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. சட்டென்று விட்டுவிடுவாள். அவனுக்குக் காரணம் தெரியாது, தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். அவர்கள் பிரிவதற்கு வெளியிலிருந்து ஒரு வில்லனைக் கூட்டிவர வேண்டிய அவசியமே இல்லை.

மின்சாரம் பாய்ச்சும் பையன் என்றாலும் இதே வழிதான். மின்விலாங்கு 860 வோல்ட் வரை வெளியிடும். கம்பளி உடை கழற்றும்போது சுருக்கென்று குத்தும் பொறியிலோ ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், ஆனால் யாரும் சாவதில்லை. ஆளைக் கொல்வது உடலுக்குள் ஓடும் மின்னோட்டம். இதயத்தின் வழியே 0.1 ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகலாம். தோல் ஈரமாக இருந்தால் அது இன்னும் எளிதாகப் பாயும். ஆகவே இந்தப் பையனால் அழுகிறவளின் கண்ணீரைத் துடைத்துவிட முடியாது. மழை வந்தால் எல்லாரும் ஒதுங்கி ஒன்றாக நிற்பார்கள், அவன் மட்டும் விலகிப் போவான். இப்படிப்பட்ட இடங்களுக்காகவே எனக்கு இந்த வகைக் கதை மேல் இவ்வளவு பிரியம்.

காதலனுக்கு மட்டும் அந்தச் சக்தி ஒன்றும் செய்யாது என்று வைப்பது சுலபமான வழி. நான் அதை ஏற்பதில்லை. அவனைச் சுடவே சுடாது என்றால் அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சுடும் என்று தெரிந்து அருகில் வருகிறவனும், அவனைக் காயப்படுத்தாமல் இருக்கத் தன்னைப் பழக்குகிறவளும்தான் கதைக்கு வேண்டும்.

சக்தி எப்போது கைமீறும்? நள்ளிரவில், தனியறையில் என்றுதான் பலர் எழுதுகிறார்கள். நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போது எழுதிப் பாருங்கள். கணினியில் வண்டி ஓட்டவிட்டுச் செய்த ஆய்வுகளில், தனியாக ஓட்டியதைவிட நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் துணிந்து அதிக ஆபத்தில் இறங்கினார்கள். தம்மைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர 25 வயது அளவில் ஆகும். அதனால் பத்துப் பேர் முன்னால் யாரோ கேலி செய்கிற நேரத்தில் யாழினியின் கை சூடேறுவதுதான் இயல்பு. கூடவே, கதை தொடங்குவதற்கு முன்பே அவளால் ஒருவர் காயப்பட்டிருக்க வேண்டும். அவர் உயிரோடு இருக்கட்டும், தம்பியாக இருந்தால் இன்னும் நல்லது. தினமும் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அந்தத் தழும்புள்ள கையால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான்.

அடுத்த விஷயத்தில் நான் கறார். ஆபத்தானவன் என்பதே ஒருவனைக் காதலிக்கக் காரணம் ஆகக் கூடாது. படிப்பவர்களில் 13 வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவள் தூங்கும்போது அறைக்குள் திருட்டுத்தனமாக வந்து பார்த்துக்கொண்டிருப்பதும், அவளை நண்பர்களிடமிருந்து பிரிப்பதும் அன்பாகத் தோன்றும்படி எழுதாதீர்கள். பல நூறு வயதான ஒருவனைப் பள்ளி மாணவியோடு ஜோடி சேர்ப்பதையும் நான் தவிர்க்கிறேன். இருவரும் ஏறக்குறைய ஒரே வயதாக இருக்கட்டும். “தொடலாமா?” என்ற கேள்விக்கு இந்த வகைக் கதையில் இருக்கும் படபடப்பு வேறெங்கும் கிடைக்காது, ஏனென்றால் கேட்பவருக்கு உண்மையிலேயே பதில் தெரிந்தாக வேண்டும்.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் வையுங்கள், சுருக்கமாக.

“கையை எடு.”
“ஏன்?”
“சொன்னாப் புரியாதுடா. எடு முதல்ல.”

இந்த இடத்தில் அவள் தன் சக்தியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தால் காட்சி செத்துவிடும். அதை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளுங்கள், அதுவும் பாதி மட்டும்.

முடிவில் காதல் வந்து சக்தியை அழித்துவிட்டது, எல்லாம் குணமாகிவிட்டது என்று எழுதும் ஆசை வரும். எழுத வேண்டாம். சக்தி இருக்கட்டும், அதோடு வாழத் தெரிந்துகொண்ட அளவுக்கு அவள் மாறட்டும். எழுதி முடித்ததும் சக்தியை மனதுக்குள் நீக்கிவிட்டு வாசியுங்கள். காதலில் அப்போதும் அதே சிக்கல் அப்படியே நின்றால் சக்தி வெறும் அலங்காரம்தான், விதித்தாளுக்குத் திரும்பிப் போங்கள்.

அப்புறம் 15, 16 வயதுள்ள ஒருவரிடம் பிரதியைக் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். எந்தப் பக்கங்களைத் தாண்டிப் போனார்கள் என்று கேளுங்கள். திருத்தத்தை அந்தப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.