ஆற்று நீரைக் காக்கப் பிரதேச சபையைப் பதில் சொல்ல வைக்கும் வழி

ஆற்றில் கழிவு விழுகிறது என்று முறையிடச் செல்பவருக்கு இலங்கையின் மலையகத்தில் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கும். கிராமப்புற உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்குப் போனால் “அது தோட்டத்துக் காணி” என்பார்கள். தேயிலைத் தோட்டக் காரியாலயத்துக்குப் போனால் “குப்பை அள்ளுவது சபையின் வேலை” என்பார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. ஆகவே “தோட்டத்துக் காணி” என்ற பதில் இன்று அப்படியே செல்லுபடியாகாது. அதையே மீண்டும் சொல்பவரிடம், சொல்வதை எழுத்தில் தருமாறு கேளுங்கள்.

முதலில், விழுவது என்ன கழிவு என்பதைப் பிரித்தறிய வேண்டும். கடைத்தெருக் குப்பையும் வீட்டுக் குப்பையும் என்றால், அவற்றை அகற்றுவதும் பிறருக்குத் தொல்லையில்லாத இடத்தில் சேர்ப்பதும் மேற்சொன்ன சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகளின்படி சபையின் கடமையாகும். தொழிற்கூடம் அல்லது விடுதியின் கழிவுநீர் என்றால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் அதற்கு உண்டா என்று பார்க்க வேண்டும். பெரிய தொழில்களுக்கான பத்திரத்தை மத்திய சுற்றாடல் அதிகார சபை வழங்குகிறது. பாதிப்புக் குறைந்த சிறு தொழில்களுக்கு வழங்கும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எந்தத் தொழில் எந்தப் பட்டியலில் அடங்கும் என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். லயன் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளின் மலக்குழி நிரம்பி ஓயாவில் (சிற்றாற்றில்) கலப்பதாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தோட்ட நிர்வாகத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்தது ஆதாரம். எங்கள் ஊர்ப் பாலத்தடியில் கோழிக்கடை ஒன்றின் குழாய் நேராக ஓயாவுக்குள் இறக்கப்பட்டிருந்தது. விடியற்காலை ஐந்தரை மணிக்கு இரத்தமும் இறகும் கலந்த நீர் வரும். எட்டு மணிக்கு உத்தியோகத்தர் வந்து பார்க்கையில் குழாய் காய்ந்திருக்கும். ஓராண்டுக்கு மேல் வாயால் முறையிட்டோம். பின்னர் காரியாலயத்தில் விசாரித்தபோது, அப்படி ஒரு முறைப்பாடே பதிவில் இல்லை என்றார்கள். அதன் பிறகுதான் நேரமும் திகதியும் தெரியும்படி படம் எடுத்து, பாலத்தின் பெயரையும் அருகிலுள்ள மின்கம்பத்தின் இலக்கத்தையும் குறித்து வைக்கத் தொடங்கினோம். நீர் மாதிரி எடுப்பதாயின், குழாய்க்கு மேலே, குழாய் வாயில், கீழே என மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். மேலே எடுக்காவிட்டால், அழுக்கு ஏற்கெனவே வந்தது என்று எளிதாகத் தட்டிக்கழிப்பார்கள். போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டுப் பெற்று, குளிரில் வைத்து அன்றே ஒப்படைப்பது நல்லது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரின் உயிரியல் ஒட்சிசன் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஒட்சிசன் அளவு, பொதுவாக லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய எண்களில் அது ஒன்று.

கடிதத்தைத் தவிசாளருக்கும் செயலாளருக்கும் எழுதி, சுகாதார வைத்திய அதிகாரிக்கும் உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்கும் பிரதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே உண்டு. சிங்களத்தில் எழுதித் தரச் சொன்னால் இணங்க வேண்டியதில்லை. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை இடாமல் திரும்பாதீர்கள். இல்லாவிட்டால் பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள்.

பதில் வராவிட்டால் இருக்கும் கூர்மையான கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். கேட்பதற்கான காரணத்தை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேள்வி அமையும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “ஆறு ஏன் அழுக்காக இருக்கிறது?” என்று கேட்டால் ஒரு வரியில் மழுப்பிவிடுவார்கள், ஆவணத்தைக் கேட்டால் மழுப்புவது கடினம். இந்த வட்டாரத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் வழங்கப்பட்ட சுற்றாடல் அனுமதிப்பத்திரங்களின் பட்டியல், அவற்றின் நிபந்தனைகள், பரிசோதனைக்குச் சென்ற நாட்களின் அறிக்கைகள், குப்பை ஏற்றும் டிரக்டரின் ஓட்டக் குறிப்பேடு, குப்பை கொட்டும் இடத்துக்குப் பெற்ற அனுமதி ஆகியவற்றின் பிரதிகளைக் கேளுங்கள். பரிசோதனை அறிக்கை இல்லை என்ற பதிலும் உங்களுக்குப் பயன்படும். யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அதன் பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவை நாடலாம்.

இதற்கிடையில் சபைக் கூட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பிறகு வட்டார உறுப்பினர்கள் மீண்டும் ஆசனங்களில் இருக்கிறார்கள். உங்கள் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மாதக் கூட்டத்தில் கேள்வி எழுப்புமாறு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். கட்சி எதுவாக இருந்தாலும் கூட்டறிக்கையில் பதிவாகும் கேள்விக்குச் செயலாளர் பதில் தேட வேண்டியிருக்கும். சபையின் சுற்றாடல் குழுவில் ஊர்மக்களையும் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. பெரும்பாலான ஊர்களில் அதை யாரும் கேட்பதே இல்லை. அடுத்த ஆண்டுக்கான பாதீடு (வரவு செலவுத் திட்டம்) தயாராகும்போது, வடிகாலுக்கும் கழிவகற்றலுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்று பார்த்து, குறைவாக இருந்தால் அப்போதே எழுதுங்கள். பாதீடு நிறைவேறிய பின் “நிதி இல்லை” என்பது உண்மையாகவே ஆகிவிடும்.

கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்தே களனி ஆறாகிக் கொழும்புவரை குடிநீராகப் போகின்றன. கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. கடிதத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்தால், மேலிடத்தில் அதைப் படிப்பவருக்கு விடயம் தோட்டத்தோடு முடிவதாகத் தோன்றாது.

எதற்கும் அசையாத சபையானால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் நீதிமன்றத்தைக் கோரலாம். அங்கு சட்டத்தரணி முதலில் கேட்பது, இதற்கு முன் யாருக்கு, என்றைக்கு எழுதினீர்கள் என்பதே. எங்கள் கோழிக்கடை விவகாரம் அந்தப் படிவரை போகவில்லை. அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டு நாங்கள் எழுதிய விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் குழாய் கழற்றப்பட்டது, விண்ணப்பத்துக்கான பதில் மட்டும் இன்னும் வரவில்லை.