பொங்கல் பார்சல் கட்டுகிறீர்களா?

வெளிநாட்டில் நண்பர்களோடு பொங்கல் வைக்கும் பிள்ளைக்குச் சேலத்திலிருந்து பார்சல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பித்தளைப் பானை வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பானைதான் சரி. போன வருஷம் நாங்கள் அனுப்பிய பித்தளைப் பானையில் மகன் செடி வளர்க்கிறான்!

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் நல்ல வெல்லமாக வாங்கி, பொடித்து, இரண்டு கவர் போட்டுக் கட்டுங்கள். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லப்பாகை ஊற்றச் சொல்லுங்கள். முன்னாலேயே ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. கரும்பு கிடைக்காவிட்டால் போகட்டும், மஞ்சள் கொத்துக்குப் பதில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொள்ளலாம்.

கொஞ்சம் பாலைப் பெரிய பானையில் வைத்தால் பொங்கி வழியாது, சின்னதே போதும். சாம்பிராணி போடுமுன் ஜன்னலைத் திறக்கட்டும். இல்லையென்றால் புகை அலாரம்தான் குலவை போடும்.