டெல்டாக் கிராமத்தில் ஒரு சிறு கட்சியின் கிளையை நடத்துவது எப்படி

சிறு கட்சிகளின் கிளைகள் பெரும்பாலும் கொடிக்கம்பம் நடுவதில் தொடங்கி, அடுத்த தேர்தலுக்கு முன்பே ஓய்ந்துவிடுகின்றன. பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகு, அந்தத் தொடக்கம் சட்டப்படியும் சிக்கலாகிவிட்டது. எனவே தனியார் மனையில் உரிமையாளரின் சம்மதத்தோடு கொடியேற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மாதம் ஒருமுறை தவறாமல் வந்து உட்காரும் பத்துப் பேரைச் சேருங்கள். ஐம்பது உறுப்பினர் சீட்டுகளை எழுதி வைத்துவிட்டுக் கூட்டத்துக்கு நான்கு பேர் வருவதைவிட, பத்துச் சீட்டுக்குப் பத்துப் பேரும் வருவதே கிளைக்குப் பலம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நிலக்கிழாருக்குக் கட்டுண்டு கூலிக் குடும்பங்கள் உழைத்த பண்ணையாள் முறை வேரூன்றியிருந்த மண் இது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டதை இங்குள்ள குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. செயலாளர் வீட்டுத் திண்ணையிலேயே எப்போதும் கூட்டம் போட்டால், அந்தத் தெருவுக்குள் வரத் தயங்குபவர்கள் மெல்ல விலகிக்கொள்வார்கள். அவர்கள் வராததற்கான காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். ஒரு மாதம் ஊர்த்தெருவிலும் மறுமாதம் தலித் மக்கள் வாழும் காலனியிலும் கூடுவதை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே மாதிரிக் குவளையில் தேநீர் குடிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்க வேண்டும். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு இதில் தவறும் கிளையை ஊர் ஒருநாளும் நம்பாது. பெண் உறுப்பினர்கள் வரக்கூடிய நேரத்தை அவர்களிடமே கேட்டு வைக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்து வீட்டுவேலையையும் முடித்த பிறகுதான் அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும்.

கிளையின் ஆண்டுத் திட்டத்தைத் தேர்தல் நாட்காட்டியை வைத்து வகுக்காமல், தண்ணீரின் போக்கை வைத்து வகுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படுவது வழக்கம் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் தூர்வாரும் பணிதான் ஆண்டின் முதல் வேலை. எந்த வாய்க்கால், எங்கிருந்து எதுவரை, எவ்வளவு தொகை என்ற விவரத்தை நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, இரண்டு உறுப்பினர்கள் அந்தக் கரையில் நடந்து பார்க்க வேண்டும். கல்லணையிலிருந்து பிரியும் தண்ணீர், பாசனத்தின் தொடக்கப் பகுதியான தலைமடையில் நிறைந்த பிறகும் கடைசிப் பகுதியான கடைமடைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும் என்பதால், உங்கள் ஊர் எந்த மடையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்கள் கோரிக்கையும் மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடிகால்களைக் கவனிக்க வேண்டும்; சம்பாப் பயிர் தண்ணீரில் மூழ்கிய பிறகு மனு எழுதுவதைவிட, மழைக்கு முன்பே வடிகாலில் மண்டியிருக்கும் ஆகாயத்தாமரையைப் படமெடுத்து மனுவோடு இணைத்துக் கொடுப்பது பலன் தரும். நடவு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் ஊர்வலம், மாநாடு என்று ஆட்களை அழைக்காதீர்கள்.

அறுவடைக்குப் பின் கிளையின் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம்தான். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தளர்வு அறிவிக்கப்படாத வரை நெல்லை எடுக்க மாட்டார்கள். 40 கிலோ மூட்டைகளாகப் பிடிக்கும்போது எடை குறித்தும், மூட்டைக்குக் கூடுதல் பணம் கேட்பது குறித்தும் புகார்கள் எழும். அங்கே போய் முழக்கம் எழுப்புவதற்கு முன் ஒரு நோட்டில் விவசாயியின் பெயர், நெல்லைக் கொண்டுவந்த நாள், மூட்டை எண்ணிக்கை, அளந்த ஈரப்பதம், பணம் வங்கிக் கணக்கில் வந்த நாள் ஆகியவற்றைப் பதிவுசெய்யுங்கள். இருபது விவசாயிகளின் விவரம் அடங்கிய ஒரு பக்கத்தை மாவட்ட ஆட்சியரகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வைத்தால், அதிகாரி பொதுவாகப் பதில் சொல்லி நழுவ முடியாது. குத்தகைக்குப் பயிரிடுபவர்களுக்கு, பயிரிட்டதற்குச் சான்றான அடங்கல் பெறுவதே பெரும்பாடு. கோயில், மடத்து நிலங்கள் நிறைந்த இந்த மாவட்டங்களில் அவர்களுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் உடன்செல்வது ஒரு பொதுக்கூட்டத்தைவிடக் கட்சியை அதிகமாக வளர்க்கும்.

மனு எழுதும்போது ஒரு மனுவுக்கு ஒரே கோரிக்கை என்று வைத்துக்கொண்டு, ஏற்புச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அங்கே கட்சியின் பெயரைச் சொல்லாமல் ஊராரின் பெயரில் பேசி, நீங்கள் முன்வைத்த தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை நேரில் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பணத்தில் ஒரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். சந்தாவைச் சிறிய தொகையாக வைத்து எல்லோரிடமும் வாங்குங்கள். ஒரே நெல் வியாபாரியோ மணல் ஒப்பந்ததாரரோ கிளைச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டால், வாய்க்கால் பிரச்சினையில் கிளையால் வாய் திறக்க முடியாது. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கினால் கட்சியின் வருமானவரி விலக்குக்கே ஆபத்து. நிதியாண்டில் ஒருவர் தரும் நன்கொடை 20,000 ரூபாயைத் தாண்டினால் தலைமை அதைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருப்பதால், நன்கொடையாளரின் முழு விவரத்தையும் உடனுக்குடன் தலைமைக்கு அனுப்புங்கள். வரவு செலவை மாதக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னமின்றி நடப்பது சிறு கட்சிக்கு நல்வாய்ப்பு. வாய்க்காலிலும் கொள்முதல் நிலையத்திலும் உடன்நின்ற முகத்தை ஊரார் அங்கே தயங்காமல் தேர்ந்தெடுக்க முடியும். இடங்களில் பாதி பெண்களுக்கானது என்பதால், மனுவோடு அலுவலகம் ஏறி இறங்கிய பெண்ணையே நிறுத்துங்கள். செயலாளரின் மனைவி என்பது மட்டும் ஒரு தகுதியாகாது. ஒன்றியக் குழு, மாவட்ட ஊராட்சித் தேர்தல்கள் கட்சி அடிப்படையில் நடப்பவை. ஆறு ஆண்டுகளாக எந்தத் தேர்தலிலும் போட்டியிடாத பதிவுபெற்ற கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025இல் பட்டியலிலிருந்து நீக்கியதை நினைவில் கொண்டு, சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்சித் தலைமை உங்களிடம் வேட்பாளரைக் கேட்டால் ஒதுங்காதீர்கள். வாக்குப்பதிவு நாளில் உங்கள் முகவர் மாதிரி வாக்குப்பதிவுக்கு முன்பே சாவடிக்குள் இருக்க வேண்டும். பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகலை வாங்காமல் வெளியே வரக் கூடாது.

செயலாளர் பொறுப்பை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாறும்போது தீர்மானப் புத்தகம், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், மனுக்களின் ஏற்புச் சீட்டுகள், கொள்முதல் நோட்டு ஆகிய அனைத்தையும் கூட்டத்தின் முன் எண்ணி ஒப்படைத்து, பழையவரும் புதியவரும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்றைப் பொருளாளரிடம் வைக்க வேண்டும்.