அஃபிலியேட் லிங்க் போட்டும் காசு வரவில்லையா? மலையகத்தில் இருந்து எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு வலைப்பூ எழுதி, அதில் ஒரு அஃபிலியேட் லிங்க் போட்டு, யாராவது அந்த வழியாக வாங்கினால் கமிஷன் எடுக்கலாம் என்பதில் பொய் ஒன்றும் இல்லை. அமேசான் இந்தத் திட்டத்தை 1996இலேயே ஆரம்பித்துவிட்டது. ஆனால் நம் பக்கத்தில் இறங்குகிற பலருக்கு மாதக்கணக்கில் எழுதியும் ஒரு டொலர்கூட வருவதில்லை. எழுத்து மோசம் என்பதால் அல்ல. படிக்கிறவர் ஒரு பக்கம் இருக்கிறார், லிங்க் போகிற கடை இன்னொரு பக்கம் இருக்கிறது.

தமிழில் ஒரு ஹெட்போனைப் பற்றி நன்றாக எழுதி, கீழே அமெரிக்க அமேசான் லிங்கைப் போடுகிறோம் என்று வையுங்கள். படிப்பவர் தலவாக்கலையில் இருக்கிறார். கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் கூட்டிப் பார்த்தால் சாமான் விலையைவிட அலைச்சல் அதிகம். அவர் டவுன் கடையில் வாங்குவார், இல்லாவிட்டால் இங்குள்ள ஒன்லைன் கடையான டராஸில் தேடுவார். டராஸுக்கும் இங்கே அஃபிலியேட் திட்டம் இருக்கிறது, உள்ளூர் வாசகருக்கு எழுதினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அதே தமிழ்ப் பதிவை டொரொண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் நம்மவர் படித்தால் கதை வேறு, அவர் அமேசானில் வாங்குகிறவர்தான். ஆனால் அமேசானுக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனித் திட்டம். அமெரிக்க லிங்கை மட்டும் போட்டுவிட்டு, அவர் கனடாத் தளத்தில் தேடி வாங்கினால் நமக்கு ஒன்றும் வராது. அந்தந்த நாட்டுத் திட்டத்திலும் சேர்ந்து இணைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கூட்டம் சுற்றுலாப் பயணிகள். எல்லவுக்கும் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் வருகிறவர்கள் வீட்டில் இருந்தபடியே தேடுகிறார்கள், தேடுவதும் ஆங்கிலத்தில். அவர்களுக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் தமிழ் வலைப்பூவின் ஓரத்தில் ஹோட்டல் விளம்பரம் ஒட்டிப் பிரயோசனம் இல்லை, தனியாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே வலைப்பூ என்று ஆரம்பித்தால் மூன்று பேருமே வாங்கமாட்டார்கள்.

அப்புறம், தொட்டுப் பார்க்காததைப் பரிந்துரைப்பது. சிவனொளிபாதமலைக்கு என்னென்ன கொண்டு போகலாம் என்று தேடிப் பாருங்கள், ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது போல அதே பட்டியல்தான் கிடைக்கும், அதில் தலையில் மாட்டும் டோர்ச் கட்டாயம் இருக்கும். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினவருக்குத் தெரியும், சீசனில், அதாவது டிசம்பர் பூரணையில் இருந்து வெசாக் பூரணை வரை, படி நெடுக லைட் எரியும், வழியில் தேத்தண்ணிக் கடைகள் இருக்கும், டோர்ச் பெரிதாகத் தேவைப்படாது. சீசன் முடிந்தபிறகு லைட் இல்லை, கடையும் இல்லை. கும்மிருட்டில், மழையில் ஏற வேண்டும், காலில் அட்டை வேறு. அப்போதுதான் டோர்ச்சும் அட்டைக் காலுறையும் வேண்டும். ஜனவரியில் போகிறவருக்கு "டோர்ச்சுக்குச் செலவழிக்காதீர்கள், அந்தக் காசுக்கு நல்ல காற்றுத் தாங்கும் ஜாக்கெட் எடுங்கள், 2,243 மீற்றர் உச்சியில் விடியுமுன் நிற்கும்போது அதன் அருமை தெரியும்" என்று எழுதுங்கள். டோர்ச் கமிஷன் போகும், ஆனால் அடுத்த பதிவையும் அவர் உங்களிடம்தான் படிப்பார். எதையுமே வேண்டாம் என்று சொல்லாத ரிவியூவை நான் ரிவியூ என்று எடுப்பதில்லை.

ஏஐயிடம் நூறு பதிவு எழுதச் சொல்லிக் கொட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் தேடல் வரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பதிவுகளை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் விதிகளுக்குள் கொண்டுவந்துவிட்டது. நல்லதண்ணியில் எப்போது லைட் எரியும் என்பது போன்றதை நேரில் தெரிந்து எழுதுகிறவரின் பதிவு வேறு ரகம்.

கணக்குப் போடாமல் இறங்குவதும் பெரிய சறுக்கல். 20 டொலர் டோர்ச்சுக்கு 3 சதவீதம் என்றால் கையில் வருவது 60 சதம். 2020 ஏப்ரலில் அமேசான் வீட்டுச் சாமான் கமிஷனை 8 சதவீதத்தில் இருந்து 3 சதவீதத்துக்கு வெட்டியபோது அதை மட்டும் நம்பியிருந்த எத்தனையோ பேர் ஆடிப்போனார்கள். சுற்றுலா டிக்கெட் விற்கும் வயேட்டர் 8 சதவீதம் கொடுக்கிறது, 50 டொலர் பயணம் ஒன்று போனால் 4 டொலர். ஆனால் ஹோட்டல், பயணம் இரண்டிலும் ஆள் வந்து தங்கிப் போனபிறகுதான் கமிஷன் உறுதியாகும். இன்று புக் பண்ணினார் என்று நாளைக்குச் செலவுக்கு எழுதி வைக்காதீர்கள்.

அமேசானில் இன்னும் இரண்டு கெடு இருக்கிறது. ஒருவர் லிங்கைத் தட்டி 24 மணித்தியாலத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன், அதற்குள் கூடையில் போட்டு வைத்தால் 90 நாள் வரை பொறுக்கும். அதோடு, சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே பதிவு ஒன்றுமில்லாத புது வலைப்பூவுக்கு அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

இந்த மூன்று விற்பனைக்காகத்தான் நம்மாட்கள் கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு லிங்கை அனுப்பி "இதிலேயே வாங்குங்க சித்தப்பா" என்பார்கள். கூடாது. சொந்தக்காரர், நண்பர் வழியாக வாங்க வைப்பதும் நாமே வாங்குவதும் விதிக்கு விரோதம். பிடிபட்டால் கணக்கும் போகும், சேர்ந்த காசும் போகும்.

லிங்கில் கமிஷன் வருகிறது என்பதை மறைப்பதும் அப்படியே. எல்ல ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரருக்கு, த்ரீவீலர்காரர் அழைத்துப் போகும் ஹோட்டலில் அவருக்கு ஏதோ கிடைக்கும் என்று தெரியும், சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் கோபப்படமாட்டார். இதுவும் அதே சங்கதிதான். அமேசான் இந்த அறிவிப்பைக் கட்டாயமாகவே கேட்கிறது. லிங்குக்குப் பக்கத்தில், வாசகர் படிக்கிற மொழியில் எழுதுங்கள். விலையையும் கையால் எழுதி வைக்காதீர்கள், அது மாறிக்கொண்டே இருக்கும், அமேசான் அனுமதிப்பதும் இல்லை.

காசு கைக்கு வருகிற கட்டத்தில்தான் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. இலங்கையில் பேபால் கணக்குக்கு வெகு காலமாகப் பணம் பெற வழி இல்லாததால் பலரும் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி உள்ளூர் பேங்குக்கு அனுப்பும் பேயோனியர் என்ற சேவையில் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். அங்கே அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் பேங்க் கணக்கில் இருக்கிற பெயரும் பொருந்த வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலையிடி என்று சொல்லத் தேவையில்லை: பிறப்புச் சான்றிதழில் யாரோ எழுதிய எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, பேங்க் புத்தகத்தில் தகப்பன் பெயர் முன்னால், வேறொரு இடத்தில் பின்னால். கணக்கு திறக்கிற அன்றைக்கே அடையாள அட்டையை மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்தே எல்லா இடத்திலும் பதியுங்கள். பேங்க் பெயர் வேறாக இருந்தால் காசு வருமுன் திருத்துங்கள், வந்து மாட்டிக்கொண்டபிறகு திருத்துவது இன்னும் சிரமம். அமெரிக்கத் தளம் என்றால் அமெரிக்கர் அல்லாதவருக்கான டபிள்யூ-8பிஈஎன் வரிப் படிவத்திலும் அதே பெயர்தான்.

நம் நாட்டு வரியையும் மறந்துவிடக் கூடாது. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு டொலராக வரும் வருமானத்துக்கும் வரி உண்டு, உச்சம் 15 சதவீதம். தனிநபர் விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா, ஆரம்பத்தில் அதைத் தாண்டமாட்டீர்கள், ஆனாலும் வந்த தொகையை எழுதி வையுங்கள்.

கடைசியாக, போட்ட பதிவைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது ரயில் பாதை பல இடத்தில் சிதைந்தது. அந்த நேரத்தில் கண்டி–எல்ல ரயிலை வர்ணித்து, கீழே ஹோட்டல் லிங்கோடு அப்படியே கிடந்த பதிவு, படித்தவரைத் தப்பான பிளானில் இறக்கிவிடும். பாதை, சீசன், நுழைவுக் கட்டணம் பற்றிய பதிவுகளை அடிக்கடி தட்டிப் பாருங்கள், செத்துப்போன லிங்கையும் அப்போதே மாற்றிவிடலாம். புதுப் பதிவு என்றால் தேடலில் மேலே வரக் காலம் எடுக்கும், ஆகவே டிசம்பர் பூரணைக்கான மலைப் பதிவை ஆவணியிலாவது போட்டிருக்க வேண்டும். கார்த்திகையில் எழுத உட்கார்ந்தால் அது அடுத்த வருடச் சீசனுக்குத்தான் உதவும்.