மாட்டின் மீத்தேனைக் குறைக்க உள்ளூர்த் தீவனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரைச் சுற்றி ஆனேக்கல், சர்ஜாபூர், அத்திப்பள்ளி பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் மீத்தேன் என்று பேச்செடுத்தால், "அது சாணத்திலிருந்து வருவதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சாணக் குவியலிலிருந்தும் கொஞ்சம் வரும். ஆனால் பெரும்பங்கு மாட்டின் வாய் வழியாக, ஏப்பமாகத்தான் வெளியேறுகிறது. தின்ற நார்த் தீவனம் முதல் வயிற்றில் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும். அங்கே வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடும். தீவனத்தில் உள்ள ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படி வீணாகப் போகிறது. பாலாக வேண்டிய காசு அது. அதோடு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுவும் கூட.

மாடு தின்னும் அடிப்படைத் தீவனத்தைக் கவனிக்காமல், மீத்தேனைக் குறைக்கும் பொடி எங்கே கிடைக்கும் என்று அலைவதுதான் பெரிய தவறு. வெறும் வைக்கோல் தின்னும் மாட்டுக்குச் செரிமானம் மெதுவாக நடக்கும், பாலும் குறைவாக இருக்கும். 3 லிட்டர் கறந்தாலும் 10 லிட்டர் கறந்தாலும், மாடு உயிரோடிருக்கவே ஓரளவு தீவனம் தின்றாக வேண்டும், அதற்கான மீத்தேனும் வந்தே தீரும். அதனால் ஒரு மாட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்பதைவிட, ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்று பார்ப்பதுதான் சரி. இந்தப் பக்கத்தில் கிடைக்கும் ராகித் தாள், நெல் வைக்கோலைவிட நன்றாகச் செரிக்கும். அதை விற்றுவிட்டு லாரியில் வைக்கோல் இறக்குவது வேண்டாத வேலை. தாளை நறுக்கிப் போட்டால் கழிவாகப் போவது குறையும். கம்பு நேப்பியர் புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துவிட வேண்டும். முற்றவிட்டால் உயரம் கூடும், சத்து இறங்கும். கூடவே வேலிமசால், அகத்தி, சூபாபுல் போன்ற புரதம் உள்ள தழையும், தினமும் தாது உப்புக் கலவையும் இருக்கட்டும். சூபாபுலை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள், அதில் மைமோசின் என்ற நச்சு உண்டு.

இதெல்லாம் சரியான பிறகு பொடியைப் பற்றி யோசிக்கலாம். பெங்களூர் ஆடுகோடியில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியல் நிறுவனம், டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரப் பொருட்களைக் கொண்டு 'ஹரித் தாரா' என்ற கலவையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். நல்ல முயற்சி, எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. ஆனால் செய்தியைப் படித்துவிட்டு, டானின்தானே வேண்டும் என்று புளியங்கொட்டைத் தோலையும் கருவேலங்காயையும் கைக்கு வந்த அளவில் அரைத்துப் போடக் கூடாது. அளவோடு இருக்கும்வரைதான் டானின் நல்லது. உலர் எடைக் கணக்கில் தீவனத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் புரதத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாடு தீவனத்தை ஒதுக்கும், நார் செரிக்காது, பால் இறங்கும். ஏற்கெனவே புரதம் குறைவாகத் தின்னும் மாட்டுக்கு அடி இன்னும் பலமாக விழும். மூன்று மாதம் தாண்டாத கன்றுக்கு முதல் வயிறே சரியாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது, அதற்கு இந்தக் கலவை தேவையில்லை.

அப்புறம் ஹோட்டல் சோறு. மாவுச்சத்து கூடினால் மீத்தேன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மிச்சச் சோற்றை வாளி வாளியாக ஊற்றினால் வயிற்றில் அமிலம் ஏறும், மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், குளம்பு வீங்கும். ஒரே நாளில் சாகவும் கூடும். பியர் ஆலைச் சக்கை நல்ல புரதத் தீவனம், ஆனால் ஈரமாக இரண்டு மூன்று நாள் கிடந்து பூஞ்சை பிடித்ததைப் போடவே கூடாது. எண்ணெயும் அப்படித்தான். மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்துக்கு மேல் போனால் நார் செரிப்பது கெடும்.

கடல்பாசியைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் மீத்தேனைப் பெருமளவு குறைத்தது அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசி. மண்டபம், பாம்பன் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் வேறு இனம். பாசி என்று எழுதிய மூட்டையெல்லாம் ஒன்றாகாது.

எதை மாற்றினாலும் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும். தினமும் போட்ட தீவனத்தையும் கறந்த பாலையும் நோட்டில் எழுதி வையுங்கள், சாணத்தில் செரிக்காத நாரும் தானியமும் தெரிகிறதா என்று பாருங்கள். பால் இறங்கினாலோ மாடு அசைபோடுவது குறைந்தாலோ புதிதாகச் சேர்த்ததை உடனே நிறுத்திவிட்டு, அந்த நோட்டோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.