3,35,50,336: ஒரு பெரிய எண்ணைப் பிரித்து மேய்வது எப்படி?

6, 28, 496, 8128. இந்த நான்கும் நிறைவெண்கள், செவ்விய எண்கள் என்றும் சொல்வார்கள். தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் அதே எண் வரவேண்டும், 1+2+3=6 மாதிரி. ஓரிலக்கம், ஈரிலக்கம், மூவிலக்கம், நான்கிலக்கம் என்று வரிசையாக வந்ததைப் பார்த்தால் அடுத்தது ஐந்திலக்கத்தில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் அது ஒரே தாவலாக எட்டிலக்கத்துக்குப் போய் 3,35,50,336-இல் நிற்கிறது. ஏன்? ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இலக்கங்களைக் கூட்டுங்கள். 3+3+5+5+0+3+3+6=28. மூன்றால் வகுபடாது. (28-ம் ஒரு நிறைவெண்தான், ஆனால் அது வெறும் வேடிக்கை.)

படி 2: இரட்டை எண் என்பதால் பாதியாக்கிக்கொண்டே போங்கள். 1,67,75,168, அப்புறம் 83,87,584, இப்படியே போனால் 12ஆம் தடவை 8191 வரும், அது ஒற்றை. ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நான் மனதிலேயே எண்ணி 11 என்று எழுதிவிட்டு, அரை மணி நேரம் விடை ஏன் பொருந்தவில்லை என்று முழித்திருக்கிறேன்.

படி 3: 8191 பகா எண்ணா? வர்க்கமூலம் 90-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆக 89 வரையுள்ள 24 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கலாம், பொறுமை இருந்தால். குறுக்குவழி ஒன்று உண்டு. 8191 என்பது 2-இன் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 13 பகா எண் என்பதால், 8191-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 26-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். 90-க்குள் அப்படி இருப்பவை 27, 53, 79. இதில் 27 பகா எண்ணே இல்லை. 53-ஆல் வகுத்தால் மீதி 29, 79-ஆல் வகுத்தால் மீதி 54. முடிந்தது, 8191 பகா எண்தான்.

படி 4: இப்போது நம் எண் = 2¹² × 8191. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 13×2=26. அவற்றின் கூட்டுத்தொகைக்கு 26-ஐயும் எழுதிக் கூட்ட வேண்டாம். 1+2+4+…+4096=8191, 1+8191=8192, இரண்டையும் பெருக்கினால் 6,71,00,672. இதில் நம் எண்ணைக் கழித்தால் மிச்சமும் நம் எண்ணே. நிறைவெண்!

படி 5: போனஸ். இதே எண்ணை 8191×8192÷2 என்றும் எழுதலாம், அதாவது 1 முதல் 8191 வரை கூட்டினால் வருவது, எனவே முக்கோண எண். 1 முதல் 127 வரையுள்ள ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். ஈரடிமானத்தில் (0, 1 மட்டும் வைத்து எழுதும் முறையில்) எழுதினால் 13 ஒன்றுகள், பின்னால் 12 பூச்சியங்கள்.

சரி, அந்தத் தாவல்? 8128 என்பது 64×127, அந்த 127 என்பது 2-இன் 7ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, ஆக அங்கே அடுக்கு 7. இந்த வகை எண்ணுக்கு அடுக்கும் பகா எண்ணாக இருக்க வேண்டும், ஆகவே அடுத்து 11. ஆனால் 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047, அது 23×89 என்று உடைந்துவிடுகிறது. அதனால் 1024×2047, அதாவது 20,96,128, நிறைவெண் ஆகவில்லை. படி 4-ஐ அதற்குப் போட்டுப் பாருங்கள்: 2047×24×90. இரு மடங்குக்கு 2047×2048 போதும், இங்கே 2047×2160 வருகிறது. அது மிகை எண், அதாவது தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் தன்னைவிட அதிகமாக வரும் எண்.